துண்டுக்குள் போன ராஜ்ஜியம்

சிலுவைமுத்துவிடம் நாற்பது யானைகளும் அறுநூறு வில்லாளிகளும் மூன்று துறைமுகங்களும் ஒரு தலைநகரமும் இருந்தன. இவை அத்தனையையும் வருகிற சனிக்கிழமை மத்தியானம் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் வேன் வைத்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறார் என்கிற செய்தி, 2003 ஆகஸ்டு மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஆறே காலுக்கு அவரை வந்தடைந்தது.

சொன்னவர் பக்ருதீன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில், எட்டு கேபின் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்.

"அண்ணே, துபாய் விசா வந்துருச்சு. கடையை முடிக்கிறேன். எட்டு சிஸ்டத்தையும் ஒரே ஆளு பேசிட்டான். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வண்டி வருது."

"ஏழாம் நம்பரு?"

"எட்டுக்குள்ள ஏழு வராதாண்ணே?"

"அதுல என் ஊரு இருக்கே அப்பு!"

"அழிச்சுட்டுத்தான் குடுக்கணும்ங்கிறான். சுத்தமா வேணுமாம்."

மங்கோலியர்கள் மூன்று தடவை படையெடுத்து வந்தும் தொட முடியாத ஊர் அது. சுத்தமாக வேணுமாம்.

சிலுவைமுத்துவுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். மற்றவர்கள் தொலைத்த ஃபைலைத் தேடிக் கொடுப்பதும், தேடிக் கொடுத்த ஃபைலை அவர்கள் மறுபடி தொலைக்கும்வரை காத்திருப்பதும் அவர் உத்தியோகம். அவரைவிடப் பதினோரு வயது இளையவரான சூப்பரின்டெண்ட், துறைத் தேர்வுகளை ஒரே மூச்சில் எழுதி மேலே போனவர், "முத்து, அந்த ஜன்னலைச் சாத்து" என்பார். முத்து சாத்துவார். பத்தொன்பது வருட சர்வீசில் யாரும் அவரிடம் "என்ன செய்யலாம்?" என்று கேட்டதில்லை. "எங்கே வச்சே?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஏழாம் நம்பர் கேபினில் நிலைமை வேறு. நாலு ஆளோடு காட்டில் தொடங்கி, மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, பக்கத்து ராஜாக்களோடு சண்டையோ சம்பந்தமோ வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடத்துகிற விளையாட்டு அது. பதினான்கு மாதம் முன்னால், இன்டர்நெட்டில் பென்ஷன் அரசாணை ஒன்றைத் தேடப் போன இடத்தில் தெரியாத்தனமாக எதையோ அமுக்கி, அந்தக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். இறங்கியவர் ஏறவில்லை. தலைநகரத்துக்கு ரெட்டியார்சத்திரம் என்று பெயர் வைத்தார். பெரிய துறைமுகத்துக்குக் கொடைரோடு. நிஜமான கொடைரோட்டில் ரயில் மட்டும்தான் நிற்கும். இவருடைய கொடைரோட்டில் பதினெட்டுக் கப்பல்கள் நின்றன. சாணம் அள்ளுகிற ஒரு கிராமத்துக்கு சூப்பரின்டெண்டின் இனிஷியலோடு முழுப்பெயரையும் வைத்திருந்தார். அந்த ராஜ்ஜியத்தில் அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் அறுநூறு பேர் வில்லைத் தூக்கினார்கள்.

வீட்டில் மனைவி சகாயராணியிடம், துறைத் தேர்வுக்கு வகுப்பு என்று சொல்லியிருந்தார். திங்கள், வெள்ளி, ஆறிலிருந்து எட்டு. அலுவலக நடைமுறை நூல் ஒன்று, சிவப்பு அட்டை, அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். பதினான்கு மாதத்தில் அந்தப் புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கங்கள் மட்டும் கறுத்துப்போயிருந்தன. அவற்றில் கம்ப்யூட்டர் விலைப்பட்டியல்கள் எழுதப்பட்டிருந்தன.

விலைப்பட்டியல் எழுதுவது திருட்டுத்தனம் இல்லை. சகாயராணி வீட்டிலேயே ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கிறவர். மகள் லிடியா பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததும், தன் சீட்டுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்து, விசாரிக்கிற வேலையை இவரிடம் விட்டிருந்தார். இவர் மூன்று மாதமாக விசாரித்துக்கொண்டே இருந்தார். லிடியாவின் பாடத்துக்கு ஊரில் கிடைக்கிற எந்தப் பெட்டியும் போதும். யானைகளுக்கு எதுவும் போதவில்லை.

சிக்கல் யானைகளால் வந்தது. ராஜ்ஜியம் சின்னதாக இருந்தவரை எந்த கேபினிலும் ஓடியது. யானை இருபதைத் தாண்டியதும் திரை உறைந்தது. தூக்கிய தும்பிக்கை தூக்கியபடி நின்றது. பக்ருதீன்தான் பார்க்கப் பொறுக்காமல் ஏழாம் நம்பருக்கு மட்டும் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகினார். ஊரில் இருந்த மற்ற நாலு சென்டர்களிலும் சிலுவைமுத்து போய் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அந்தக் கார்டு வேறெங்கும் இல்லை.

ஆக, சனிக்கிழமைக்குள் அதே மாதிரி கார்டு உள்ள பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தாக வேண்டும். ராஜ்ஜியத்தை ஒரு சி.டி.யில் ஏற்றி அங்கே குடிவைக்க வேண்டும். தவறினால் பதினெட்டு நூற்றாண்டுகள் போய்விடும். மிஞ்சுவது ஜன்னல் சாத்துகிற வேலை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கடைகளில் ஏறினார். முதல் கடை ஏ.சி. போட்டது. கழுத்தில் டை கட்டிய பையன் கேட்டான்:

"எதுக்கு சார் வாங்குறீங்க?"

அலுவலக நடைமுறை நூலில் இல்லாத கேள்வி.

"பொதுவா... எல்லாத்துக்கும்."

"டைப்பிங்கா, கணக்கா, நெட்டா?"

"கணக்குத்தான். கொஞ்சம் பெரிய கணக்கு. ஆளுக நிறையப் பேரு."

"சம்பளக் கணக்கா சார்?"

"சாப்பாட்டுக் கணக்கும் வரும்."

பையன் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு கம்பெனிப் பெட்டியைக் காட்டினான். கிராபிக்ஸ் கார்டு உண்டா என்றார். "கணக்குக்கு எதுக்கு சார் கார்டு?" என்றான் அவன், நியாயமாக. சிலுவைமுத்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினார்.

இரண்டாவது கடையில் இருபதாயிரத்துக்கே தருவதாகச் சொன்னார்கள். திரை மட்டும் தட்டையாக, கல்யாணத்துக்கு நிற்கிற பெண் மாதிரி இருந்தது. உள்ளே கேட்டால் ராம் நூற்று இருபத்தெட்டு. யானைகள் நடக்கவே நடக்காது. மூன்றாவது கடையில் ராம் இருந்தது, கார்டு இல்லை. நாலாவதில் கார்டு இருந்தது, அதை வாங்கினால் மானிட்டருக்குக் காசு இல்லை. குட்டைப் போர்வையைத் தலைக்கு இழுத்தால் காலும், காலுக்கு இழுத்தால் தலையும் வெளியே தெரிகிற கதையாகச் சிவப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கூட்டிக் கூட்டி அடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து, "பரீட்சை கிட்ட வந்துருச்சுங்களா?" என்று கேட்டார் சகாயராணி.

புதன்கிழமை பக்ருதீனே ஒரு விலாசம் சொன்னார். பேகம்பூர்ப் பக்கம், மீரான் பாய்.

மீரான் பாயின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம். வியாபாரம் படுத்ததும் மண்டியின் முன்பக்கத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆரம்பித்திருந்தார். பழைய வாடை சுவரை விட்டுப் போகவில்லை. மதர்போர்டை எடுத்தால், ஆட்டுத்தோலில் ஓட்டை பார்க்கிற மாதிரி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

"எதுக்குத் தம்பி?" என்றார் அவரும்.

சிலுவைமுத்து வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டவர் குரலில், "விளையாட, பாய்" என்றார்.

"பிள்ளை விளையாடவா?"

"நான் விளையாட."

மீரான் பாய் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது சிலுவைமுத்துவுக்கு.

"என்ன ஆட்டம்? சுடுறதா, ஓட்டுறதா?"

"ஆளுறது."

"எம்புட்டுப் பேரு?"

"அறுநூறு வில்லாளி. நாப்பது யானை."

"யானையா!" பாய் தாடியைத் தடவினார். "அப்பக் கேளு. புராசஸர் போன வருஷத்துது போதும். புதுசுங்கிறது பேருக்குத்தான். மானிட்டரு பழைய பதினஞ்சு இஞ்சு தாரேன், குண்டா இருக்கும், கவலைப்படாத. அதுல மிச்சம் புடிக்கிறதை ராம்ல இருநூத்தி அம்பத்தாறாவும் கார்டுலயும் போடு. யானையை நடக்க வைக்கிறது கார்டு. நின்னு யோசிக்க வைக்கிறது ராம். சாதா சி.டி. டிரைவ் ஒன்னு வச்சுக்க, உன் ஊரை உள்ள கொண்டாரணும்ல."

நாலு கடையும் மூன்று மாதமும் தராத விடையைத் தோல் மண்டி ரெண்டு நிமிஷத்தில் தந்துவிட்டது. பதினோரு வரியில் பட்டியல் எழுதினார் பாய். எட்டாவது வரி, கார்டு, மூவாயிரத்து ஐநூறு. ஒன்பதாவது, சி.டி. டிரைவ், ஆயிரத்து இருநூறு. மொத்தம் இருபத்திரண்டாயிரம்.

"எட்டாவது வரி என்னன்னு வீட்ல கேப்பாங்களே பாய்?"

"அது உன் பாடு தம்பி. நான் தோலை விக்கிறவன். மாட்டை நீதான் சமாளிக்கணும்."

வியாழக்கிழமை சகாயராணியும் மண்டிக்கு வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். பட்டியலை வாங்கி, ரவிக்கை அளவு பார்ப்பதுபோல வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். பேச்சில் மரியாதை குறையாது, விலையில்தான் குறையும்.

"ஏனுங்க, இந்த எட்டாவது என்னங்க? மூவாயிரத்து ஐநூறு போட்டிருக்குது?"

சிலுவைமுத்து பட்டியலை எட்டிப் பார்த்தார். "அதா... அது இல்லாட்டி எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியும் ராணி. பிள்ளைக்குக் கண்ணு போயிரும்."

மீரான் பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒம்பதாவதுங்க?"

இதற்கு பாயே பதில் சொன்னார். வியாபாரி வாய் சும்மா இருக்காதல்லவா? "அது சி.டி. போடுறது தங்கச்சி. வீட்லயே படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம். இப்பல்லாம் இதுக்காகத்தான் பெட்டி வாங்குறாக!"

சகாயராணி தலையை மட்டும் ஆட்டினார். பிறகு விலை பேசும் கட்டம் வந்தது. பாய் தோளில் கிடந்த துண்டை உதறித் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். தோல் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவர் துண்டுக்குள் கையை நுழைத்து, விற்கிறவரின் விரல்களைப் பிடித்துக் காட்ட வேண்டும். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம், அல்லது அத்தனை நூறு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கையை வெளியே எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. உள்ளே பேசியதை இருவரும் ஆயுசுக்கும் வெளியே சொல்லக்கூடாது. கம்ப்யூட்டர் விற்க வந்த பிறகும் பாய் இதை விடவில்லை.

சிலுவைமுத்து கையை நீட்டினார். துண்டின் ஓரம் விரலில் பட்டது.

"நீங்க தள்ளுங்க" என்றார் சகாயராணி. "எங்கப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில மாட்டுத் தரகருங்க. நாப்பது வருஷம் துண்டு போட்டவரு. பணமும் என்னுதுதானுங்களே."

பாய் ஒரு கணம் தயங்கிவிட்டுத் துண்டை நீட்டினார். வலது கை உள்ளே போனது. இடது கையில் பட்டியல். சாக்குக்குள் போட்ட கோழி மாதிரித் துண்டு ஒரு பக்கம் எழும்பியது, அடங்கியது, மறுபக்கம் எழும்பியது. பாயின் புருவம் ஏறியது. "அது கட்டாதும்மா" என்று வாய்விட்டே சொன்னார். துண்டு வரலாற்றில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவையாம். சகாயராணியின் இடது கட்டைவிரல் பட்டியலில் இறங்கி, எட்டாவது வரியும் ஒன்பதாவது வரியும் சேர்கிற இடத்தில் போய் நின்றது. இரண்டு தரம் தட்டியது. எட்டையா? ஒன்பதையா? சிலுவைமுத்து கழுத்தை நீட்டினார். இஞ்ச் டேப் மறைத்தது.

கை வெளியே வந்தது.

"பதினெட்டாயிரத்து ஐநூறுங்க" என்று அறிவித்துவிட்டு மணிபர்சைத் திறந்தார் சகாயராணி.

இருபத்திரண்டிலிருந்து பதினெட்டரை போனால் மூன்றரை. கார்டின் விலை, காசு பிசகாமல் மூவாயிரத்து ஐநூறு. சிலுவைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை.

வண்டியில் வீடு திரும்பும்போது, "ராணி, எதைக் குறைச்ச?" என்று கேட்டார், காற்றில் கரைகிற குரலில்.

"துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொல்றதுங்களா? எங்கப்பா எங்கம்மாகிட்டயே சொன்னதில்லைங்க."

வெள்ளிக்கிழமை வகுப்பு நாள். வகுப்புக்குப் போகாமல், அதாவது வகுப்புக்குப் போகிற இடத்துக்கும் போகாமல், நேராக மண்டிக்குப் போனார். பெட்டி கிளம்பிவிட்டிருந்தது. ஆட்டோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பியாயிற்றாம்.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க பாய். கார்டு இருக்கா, இல்லையா? வாய் வேண்டாம். தலையை ஆட்டுனாப் போதும்."

"துண்டுல முடிஞ்சதுக்குத் தலையை ஆட்டுனேன்னு தெரிஞ்சா எங்க அத்தா கபுருக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்துருவாரு தம்பி."

"நான் புருஷன் பாய்!"

"இருந்துட்டுப் போ. கை குடுத்தது தங்கச்சிதானே? மூடி ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. அதைத் திறக்கணும்னாலும் தங்கச்சி சொல்லணும். இல்லாட்டி வாரண்டி கிடையாது."

அங்கிருந்து பக்ருதீனிடம் ஓடினார். ஏழாம் நம்பரின் நாற்காலியை அதற்குள் விற்றிருந்தார்கள். ராஜ்ஜியத்தை நின்றபடியே பார்த்தார். யானைகள் எதுவும் தெரியாமல் காதை ஆட்டிக்கொண்டிருந்தன.

"இதுக்கா இம்புட்டுக் கலங்குறீக?" என்றார் பக்ருதீன். "பெட்டியோட பின்பக்கத்தைப் பாருங்கண்ணே. மானிட்டர் ஒயரு மேல நெட்டுக்குத்தலா சொருகியிருந்தா கார்டு இல்லை. கீழ படுத்தாப்ல இருக்கிற ஓட்டையில சொருகியிருந்தா கார்டு இருக்கு. இல்லைன்னா ஓடியாங்க, ஏழாம் நம்பர் கார்டைக் கழட்டித் தந்துர்றேன். ஆனா வண்டி வாரதுக்குள்ள. ஊரையும் அப்பவே சி.டி.யில ஏத்திக்கலாம், இன்னிக்குக் கையில வெத்து சி.டி. இல்லை."

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஹாலில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, சுவரோடு சுவராகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கிறது என்று யூகிக்கத்தான் முடிந்தது. சின்னாளபட்டி சுங்குடித் துணியில் மானிட்டருக்கு ஓர் உறையும், பெட்டிக்கு ஓர் உறையும், ஓரத்தில் மடிப்புச் சுருக்கு வைத்துத் தைத்து, ஒயர் வருகிற பின்பக்கத்தை மட்டும் விட்டு, தரைவரை போர்த்தியிருந்தார் சகாயராணி.

"ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து மந்திரிக்கறவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாதுங்க. லிடியா, உனக்குந்தான்."

"நான் எங்க தொட்டேன்? அப்பாதான் அதையே சுத்திச் சுத்தி வாராரு" என்றாள் லிடியா.

சனிக்கிழமை விடிந்தது. சகாயராணியின் தையல் மெஷினும் அதே ஹாலில்தான் இருந்தது. கல்யாண ஆர்டர், பதினான்கு ரவிக்கை. அவர் எழுந்திருக்கவே இல்லை. பத்து மணி. பதினொன்று. சிலுவைமுத்து பேப்பரை நாலு தடவை படித்தார். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி விலை மனப்பாடம் ஆகிவிட்டது. பன்னிரண்டரைக்குச் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மேலிருந்து இறக்கிப் பார்த்தார். ஏதோ ஒயர் தெரிந்தது. கண்ணாடியில் தெரியும்போது நெட்டு நெட்டாகவே தெரியுமா, படுக்கையாக மாறிவிடுமா? இடதும் வலதும் மாறும் என்பது தெரியும். மேலும் கீழும்? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று அவர் வரவில்லை போலிருக்கிறது.

மணி ஒன்று. இனித் தாங்காது. தலையையே சுவரிடுக்கில் நுழைத்தார். காது மடங்கி உள்ளே போனது.

தையல் மெஷின் நின்றது.

"ஏனுங்க, அங்க என்னங்க பண்றீங்க?"

"ஒட்டடை" என்றது சுவர்.

"சனிக்கிழமையில நீங்க ஒட்டடை அடிச்சதில்லைங்களே. எந்தக் கிழமையிலயும் அடிச்சதில்லைங்க."

ஒயர் கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது. கீழே. படுத்தாற்போல. சந்தேகமே இல்லை. கார்டு இருக்கிறது! சகாயராணி கார்டைத் தொடவில்லை. தலையை உருவியதில் காது சிராய்ந்தது அவருக்கு உறைக்கவில்லை. நெற்றியில் ஒட்டடையோடு மனைவியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில், சகாயராணி ஊசியில் நூல் கோக்க மறந்துவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒன்று அவர் பக்கம் வந்ததில்லை.

டி.வி.எஸ். ஐம்பதை முறுக்கினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்த நேரத்துக்கு எந்த ரயில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி முப்பத்தைந்துக்கு மாடிப்படி ஏறினார். வேன் முன்கூட்டியே வந்து நின்றது. மற்ற பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. பக்ருதீன் ஏழாம் நம்பரை மட்டும் பிடித்து வைத்திருந்தார்.

"கார்டு இருக்கு அப்பு! இருக்கு! சி.டி.யில ஏத்து!"

பென் டிரைவ் என்கிற சாமான் சட்டைப்பைகளுக்கு வந்து சேராத வருஷம் அது. சி.டி. சுழன்றது. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். கோடு முடிந்ததும் பக்ருதீன் அதைக் காகித உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். "ஆட்டமும் இதுலயே இருக்கு, உங்க ஊரும் இருக்குண்ணே. கீறல் விழாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏழாம் நம்பரைத் துடைத்தார். யானைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. திரை கறுப்பானது. சிலுவைமுத்து கவலைப்படவில்லை. ராஜ்ஜியம் சட்டைப்பையில் இருந்தது. இடது பக்கம்.

ஞாயிறு திருப்பலி முடிந்து பங்குச்சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார். "இது அறிவை வளர்ப்பதாக, வீண் கேளிக்கைகளை விட்டு விலகி இருப்பதாக" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சிலுவைமுத்து மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். லிடியா உறையைப் பாதி தூக்கிப் பொத்தானை அமுக்கி, தன் பெயரை எட்டு விதமான எழுத்தில் அடித்து அழகு பார்த்தாள். நாலு மணிக்குத் தாயும் மகளும், தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குக் கிளம்பினார்கள்.

கதவைத் தாழிட்டார். சி.டி.யை எடுத்தார். பெட்டியின் சுங்குடி உறையைக் கழுத்துவரை முழுதாகத் தூக்கினார்.

பக்ருதீன் கடையில் பொத்தானை அமுக்கினால் பெட்டி நாக்கை நீட்டும், சி.டி.யை வாங்கிக்கொள்ளும். அந்த நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அமுக்கினார். மேல் ஓரத்தை அமுக்கினார், கீழ் ஓரத்தை அமுக்கினார். நகத்தால் நெம்பினார். மூடி அல்ல, சுவர். அதற்குக் கீழே ஃபிளாப்பி போடுகிற சின்னப் பிளவு ஒன்று இருந்தது. அதில் அவருடைய யானை ஒன்றின் வால்கூட நுழையாது.

கட்டைவிரல் ஒன்பதாவது வரியைத் தட்டியிருக்கிறது.

நாலு நாளாக எட்டாவது வரிக்காகச் செத்துப் பிழைத்தவர், ஒன்பதாவது வரியை ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. கார்டு உள்ளே காத்திருக்கிறது. ராஜ்ஜியம் வெளியே காத்திருக்கிறது. நடுவில் வாசல் இல்லை. ஏழாம் நம்பர் இந்நேரம் வத்தலக்குண்டில் யாருக்கோ ஜாதகம் கணித்துக்கொண்டிருக்கும். பக்ருதீன் மெட்ராஸ் பஸ் ஏறியிருப்பார். சிலுவைமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்பியம் முடிந்து வந்த மனைவியிடம், சாதாரணமாகக் கேட்பதுபோல ஆரம்பித்தார். "ராணி, இதுல சி.டி. போடுற எடமே இல்லையே?"

"நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க, இனிச் சொன்னாத் தப்பில்லைங்க" என்றார் சகாயராணி, வெங்காயம் உரித்தபடி. "அதுக்கு ஆயிரத்து இருநூறு. மிச்சம் ரெண்டாயிரத்து முந்நூறு என் சாமர்த்தியமுங்க. கண்ணுக்கு உள்ளதை அப்படியே வைக்கச் சொல்லிட்டேன், நீங்கதான் கண்ணு போயிரும்னீங்களே. இதை எடுக்கச் சொன்னது உங்களுக்காகத்தானுங்க."

"எனக்காகவா?"

"பின்னே? பதினாலு மாசமா ஒரு கிளாஸ் விடாமப் போறீங்க. மழையில போனீங்க, காய்ச்சலோட போனீங்க. நாளைக்கு ஹால்ல படமும் பாட்டுமா ஓடுனா நீங்க எப்படிங்க படிப்பீங்க? இந்தத் தடவையாவது பாஸ் பண்ணோணுமல்லங்க."

அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சிலுவைமுத்து பிழைத்திருப்பார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பெட்டியைத் திறந்து சி.டி. டிரைவைப் பொருத்த மனைவி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி சொல்ல, இவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பதினான்கு மாதத்தையும் சொல்ல வேண்டும். மழையும் காய்ச்சலும் உட்பட. மங்கோலிய மன்னன் அனுப்பிய சமாதான ஓலையை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர் அவர். திறந்த வாயில் கொஞ்ச நேரம் காற்று போய் வந்தது. மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சட்டையை ஊறப்போட எடுத்த சகாயராணி, பையிலிருந்து பளபளவென்று ஒன்றை உருவினார்.

"இது என்னங்க? படமுங்களா?"

"இல்லை."

"பாட்டுங்களா?"

"இல்லை, இல்லை."

"அப்ப உங்களுதுதானுங்களா?"

"என்னுது இல்லை. எனக்குத் தெரியாது. ஆபீஸ்ல எவனோ போட்டிருப்பான்."

பைபிளில் மூன்றாவது மறுதலிப்புக்குக் கூவிய சேவல் இங்கே கூவவில்லை. அடுப்பில் குக்கர்தான் விசிலடித்தது, மூன்று முறை.

"அப்ப நல்லதாப் போச்சு. உங்க வண்டியில பின்னாடி லைட்டு எரியறதில்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிள்ல இதுதான் கட்டியிருக்காங்க. வெளிச்சம் பட்டா ஜம்முனு மின்னுதுங்க." கையோடு ரவிக்கைக் கயிறு ஒன்றை நடு ஓட்டையில் கோத்து, நம்பர் பிளேட்டுக்கு மேலே இறுகக் கட்டிவிட்டார். தரகர் மகள் போட்ட முடிச்சு.

சாயங்காலம் ஐந்தே முக்கால்.

"கிளாசுக்கு நேரமாச்சுங்க" என்று வண்டிச் சாவியையும் சிவப்புப் புத்தகத்தையும் நீட்டினார் சகாயராணி.

சிலுவைமுத்து கிளம்பினார். வேறு என்ன செய்ய? பேக்கரி மாடியில் ஷட்டர் இறங்கியிருந்தது. "வாடகைக்கு" என்று சாக்பீஸில் எழுதி ஃபோன் நம்பர் போட்டிருந்தார்கள். எட்டு மணிவரை போக ஓர் இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பழனி பஸ் நிற்கிற இடத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது விளக்கு வெளிச்சம் டி.வி.எஸ்.ஸின் பின்னால் பட்டு, பதினெட்டு நூற்றாண்டுகளும் நாற்பது யானைகளும் கொடைரோடு துறைமுகமும் ஏழு நிறத்தில் ஒருதரம் சுழன்று அணைந்தன. பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தவர், "நல்ல ஐடியாண்ணே. லாரிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியும்" என்று பாராட்டினார்.

மணி ஆறே கால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

சிலுவைமுத்து சிவப்புப் புத்தகத்தை முதல் தடவையாக முன்பக்கத்திலிருந்து திறந்தார். அத்தியாயம் ஒன்று: தபால்களைப் பெறுதலும் பதிவு செய்தலும்.